நின்றால் அணைகிற வண்டி

ஜூன் 4, திங்கள்

மேல்காற்று. உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வரும் வழியில் இரண்டாம் ரயில்வே கேட்டில் மோட்டார் சைக்கிள் மூன்று தடவை அணைந்தது. மூன்று மாதமாக இதே கதை. முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் செத்துவிடுகிறது. உதைத்து உதைத்து முழங்கால் வீக்கம். பின்னால் லாரிக்காரன் ஏதோ திட்டினான். வாயசைவில் பாதிதான் விளங்கியது. மீதி வேண்டாம்.

சங்கு குளித்த வருஷங்களுக்குக் கடல் எடுத்துக்கொண்டது இரண்டு காதையும். வலது காதில் வாயை வைத்துச் சொன்னால் பேச்சு விளங்கும். இஞ்சின் சத்தம் சுத்தமாகக் கிடையாது.

மகள் பிலோமிக்குக் கன்னியர் மடத்திலிருந்து கடிதம். கொண்டுவர வேண்டியவை: வெள்ளைச் சேலை 4, தட்டு 1, டம்ளர் 1, போர்வை 1, ஜெபமாலை. நகை கூடாது. சனிக்கிழமை சாயங்கால ரயில். திருச்சி.

இன்னும் ஐந்து நாள்.

ஜூன் 5, செவ்வாய்

பிளக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை வெளேர். பெட்ரோல் போதாமல் எரிகிறது. கார்புரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி, உப்புக்காற்றின் வேலை. பெட்ரோல் வரும் சின்ன ஜெட்டில் அடைப்பு. கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், தூண்டில் நரம்பை விட்டு எடுத்தேன். மாட்டினேன். தெருமுனையில் அணைந்தது.

ஆத்திரத்தில், நின்றாலும் இஞ்சினை ஓடவைக்கும் ஐடிலிங் திருகை இரண்டு சுற்று ஏற்றினேன். கைப்பிடி நன்றாக அதிர்ந்தது, அணையவில்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் வண்டி மேலேயே உட்கார்ந்து நிமிர்ந்தால், பாதித் தெரு வாசலில். எதிர்வீட்டு ரொசாரியோ அண்ணாச்சி ஓடிவந்து காதில் கத்தினார். "ஏலே தம்பி, என்னல இது, ஏரோப்ளேன் கணக்கா அலறுது."

பிலோமி வந்து திருகைப் பழைய இடத்துக்கு இறக்கினாள். உடனே அணைந்தது. சிரித்தாள். பத்து வயதிலிருந்து இந்த வண்டிக்கு என் காது அவள்தான். விக்குது, இருமுது என்பாள், நான் திருகுவேன். ஊரில் என்னைப் பாதி மெக்கானிக் என்கிறார்கள். யாருடைய பாதி என்று தெரியாது அவர்களுக்கு.

சாளை மீன் குழம்பு. உப்பு அதிகம்.

ஜூன் 6, புதன்

உள்ளூர் மடத்து மதர் வந்தார். ஸ்டேஷனுக்குக் கார் ஏற்பாடு செய்தாயிற்றாம். பங்குச் சாமி முதல் மீன்காரி வரை எல்லாரும் சொல்வது, கொடுத்து வைத்தவர். ஒரே பிள்ளையைக் கொடுத்துவிட்டு அதற்குத் தகுந்தாற்போல் முகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரி முறுக்கு சுடுகிறாள். கண் கலங்கினால் அடுப்புப் புகை என்கிறாள். எனக்கு அடுப்பும் இல்லை.

வீட்டுக்காரி பிறகு காதில் சொன்னது: பெட்டியும் அம்மாவும் காரில் வரட்டும், நான் அப்பா வண்டியில்தான் வருவேன் என்றாளாம் பிலோமி. வழியில் நின்றுவிட்டால் ரயில் காத்திருக்குமா என்று மதர் கேட்டாராம். அப்பா வண்டி நிற்காது என்றாளாம்.

நிற்கட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதியதை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

ஜூன் 7, வியாழன்

பிலோமி கண்டுபிடித்துவிட்டாள். நான் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு மூலையில் சொட்டியதும் கையைத் தூக்கினாள். சத்தம் மாறியதாம். இடையில் உள்ள அட்டை கிழிந்து காற்று இழுக்கிறது. ஜெட்டைக் குடைந்தது வீண்வேலை.

பஜாரில் அந்த அட்டை இல்லை. தன் பி.யூ.சி. ரெக்கார்டு நோட்டின் அட்டையை எடுத்து, பழையதை மேலே வைத்து வரைந்து, நகவெட்டும் கத்திரியால் வெட்டினாள். "எனக்கு இனி எதுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வாயசைவில் படித்துவிட்டேன். பார்க்காதவன் மாதிரி ஸ்பேனரைத் துடைத்தேன்.

குடை ரிப்பேர். மறக்கக் கூடாது.

ஜூன் 8, வெள்ளி

ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறிய அட்டையை மாட்டியாயிற்று. இனி ஐடிலிங் வைக்க வேண்டும். என் உள்ளங்கையைப் பிடித்து டேங்கின் மேல் அழுத்தினாள். காதில் சொன்னாள், "இனிமே ஒங்களுக்குக் கைதான்ப்பா காது. இஞ்சினோட ஒவ்வொரு அடியும் தனியாத் தெரியணும். இதான் சரி, மறந்துராதிய."

திருகைக் கலைத்துவிட்டு என்னை வைக்கச் சொன்னாள். ஐந்து தடவை. ஐந்தும் தப்பு. கடைசியில் அவளே வைத்தாள், இதைத் தொடவே தொடாதீர்கள் என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா ஆச்சாளா? போயிரலாமா?" என்று கத்திவிட்டேன். என் சத்தம் எனக்கே தெரியாது, தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் அழவில்லை. திருப்புளியைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9, சனி

காற்று அடங்கவில்லை. நாலரைக்குக் கிளம்பினோம். கார் முன்னால் போய்விட்டது. இரண்டாம் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, முடிவே இல்லாமல். ஏழெட்டு நிமிஷம் நின்றோம். வண்டி அணையவில்லை.

என் முதுகில் கன்னத்தை வைத்திருந்தாள். ஏதோ பேசினாள். முதுகில் அதிர்வு தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. நிறைய நேரம் பேசினாள். திரும்பியிருக்கலாம். திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று அப்படியே இருந்தேன். கேட் திறந்துவிட்டது.

வழியில் என்ன சொன்னாய் என்று பிளாட்பாரத்தில் கேட்டேன். ஒன்றுமில்லை அப்பா என்றாள். ரயில் போனது. மாதம் ஒரு கடிதம். முதல் வருஷம் பார்க்க விடமாட்டார்கள்.

வீட்டுக்காரி இன்னும் சாப்பிடவில்லை. நானும்.

ஜூன் 10, ஞாயிறு

முதல் பூசை. வண்டியில் போய் வந்தேன். வந்ததும் படுத்துவிட்டேன்.

அண்ணாச்சி தோளைத் தட்டி எழுப்பினார். "தம்பி, வண்டி அரை மணி நேரமா ஓடிக்கிட்டே கெடக்கு."

மூன்று மாதமாக, நின்றால் தானாக அணைந்த வண்டி. சாவியைத் திருப்பும் பழக்கமே விட்டுப்போயிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி கையை ஆட்டியிருப்பாள்.

வெளியே போனேன். டேங்கில் கை வைத்தேன். அதிர்வு அப்படியே இருக்கிறது, அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே. சாவிக்குக் கை போகவில்லை. பெட்ரோல் வீணாகிறது என்று அண்ணாச்சி காதில் கத்தினார். கேட்கவில்லை என்று தலையாட்டினேன். நன்றாகவே கேட்டது.