அத்தாவின் கண்ணுக்குள் வைத்த லென்ஸ்

ராஜபாளையம்
5.4.1994

அன்பு மகள் நூர்பானுவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நான் சுகம், வழக்கத்தைவிடச் சுகம். மஸ்கட்டில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ கேட்கிறேன். உன் அத்தா சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

பொங்கல் கழிந்து மதுரையில் அவருக்குப் புரை எடுத்து உள்ளே பிளாஸ்டிக் லென்ஸ் வைத்ததை எழுதியிருந்தேன். இன்னொரு கண்தான் சிறுவயதிலேயே பட்டாசில் போய்விட்டதே, இருப்பது இது ஒன்றுதான். கண்கட்டு அவிழ்த்ததும் நம் பேண்டேஜ் துணிக் கடையில் போய் உட்கார்ந்து, ஏலே பண்டல் முடிச்சு கோணலா இருக்குலே என்று வேலையாட்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார். நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டால்தான் உடம்பு அந்த லென்ஸைச் சும்மா விடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். நர்ஸ் என்ற முறையில் நீயும் அதையே எழுதினாய். நோன்பு வரும்வரை நானே விட்டேன், குறை சொல்ல முடியாது. நோன்பு பிறந்ததும் மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கிறது, நோன்பு முறிந்துவிடும் என்று பிடிவாதம். எனக்கு நோன்புதாம்ட்டி பெருசு, தூக்கிப் போடு அந்தக் குப்பிய என்றார். பள்ளிவாசல் ஹஸ்ரத் வீட்டம்மாள் மூலம் நான் கேட்டேன். கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது என்று ஹஸ்ரத் சொல்லி அனுப்பினார். அதை உன் அத்தாவிடம் நான் சொல்லவில்லை. நோன்பு திறந்த பிறகு விடலாமே என்றும் ஞாபகப்படுத்தவில்லை. இத்தனை வருடத்தில் நான் சொல்லி எதைக் கேட்டார்? வாயைத் திறந்தால் கைலி மேல் கட்டிய பெல்ட்டைக் கழற்றுகிறவர். குப்பியைத் தூக்கிப் போடச் சொன்னார், போட்டேன்.

பெருநாளன்று கண் சிவந்து, கறி எது எலும்பு எது என்று தெரியாமல் தட்டைத் தடவினார். மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, அதிலேயே பக்கவாட்டில் இருந்த இன்னொரு குழாயில் என்னையும் பார்க்கச் சொன்னார். லென்ஸ் மேல் ஆறிய கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. வெளிப் பொருள் உள்ளே வந்தால் தின்று தீர்ப்பதற்கென்றே ரத்தத்தில் செல்கள் இருக்கின்றனவாம். பிளாஸ்டிக்கை ஒரு செல்லால் தின்ன முடியுமா? முடியாமல் போகவும் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் உள்ள சுவரெல்லாம் கரைந்து, பல செல்கள் சேர்ந்து ஒரே பெரிய செல்லாகி விடுமாம். அப்படி ஆகியும் தின்ன முடியாதாம், விட்டுப் போகவும் போகாதாம், அதன் மேலேயே படுத்துக்கொள்ளுமாம். மருந்து விட்டிருந்தால் அடங்கிக் கிடந்திருக்கும் என்றார். எனக்குக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். இன்னும் செத்த நேரம் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

இந்த மாதக் கடைசிக்குள் லென்ஸை எடுத்துச் சுத்தம் செய்தால் பாதிப் பார்வையாவது திரும்பும், தள்ளிப் போட்டால் நரம்பு செத்துவிடும் என்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் மாமா மைதீன் பிச்சை கூட்டிப்போக வந்தான், இவர் போகவில்லை. ஆபரேசனுக்குப் பிறகு மருந்து விட நான்தானே, மறுபடி என் கையில் கண்ணை ஒப்படைக்கப் பயம். அவர் அக்கா மகனைக் கட்ட மாட்டேன் என்று நீ வேலைக்குப் போனதிலிருந்து உன் பேரையே எடுக்க விடாதவர். உன் கடிதம் எதிர்வீட்டுப் பாலம்மாள் விலாசத்துக்கு ஒளிந்து வருவது யாரால்? அப்பேர்ப்பட்டவர்தான் போன வாரம் அழுதார். நூர்பானுக்குத் தந்தி குடுட்டி, எம்புள்ள வந்து மருந்து விடட்டும், அவ வந்தாத்தான் ஆபரேசன், அவ முகத்தப் பாக்கணும் என்றார். கொடுத்துவிட்டேன் என்றேன். நேற்று உன் பதில் தந்தி வந்ததாக வாசித்தும் காட்டினேன். வர முடியாது, எனக்கு அத்தா இல்லை என்று. கையில் இருந்தது கரண்டு பில் ரசீது. ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

நீ வா. ஆனால் வைகாசி பிறந்து வா. வந்து பக்கத்தில் உட்கார், வாய் ஓயாமல் பேசு, அவர் உன் தலையைத் தடவட்டும், நான் தடுக்க மாட்டேன். முகம் மட்டும் அவருக்கு வேண்டாம். நீ இளகின மனசுக்காரி, இதைப் படித்த கையோடு டிக்கெட்டுக்கு ஓடத் தோன்றும். நீ யார் பெற்ற பிள்ளை என்று நீ வந்து இறங்கும் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு டியூட்டிக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத பார்வையையும் தருவானாக, ஆமீன். மறந்துவிடாதே, வரும்போது பெட்டியில் கண் மருந்து எதுவும் வைக்காதே. இங்கே விடுவதற்கு ஆள் இல்லை.

உன் நன்மையை நாடும் அம்மா
ஆயிஷா பீவி