கல்யாண ஒட்டகத்தின் விலா விரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, அஷ்காபாத்திலிருந்து உன் மகள் தாவுஸ் சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். இந்தக் குளிருக்கு உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணி தைலம் தேய்த்துவிடுகிறாளா?

இரண்டு மாதமாக ஒரு ஜோடி அஸ்மாலிக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மணப்பெண் ஏறும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்கவிடுவோமே, அந்த விரிப்புகள். நூறு வருடத்துக்கு மேல் பழையவை. போஸ்தான் என்ற பெண்ணின் வீட்டுச் சொத்து. அவளும் தினம் வந்து கம்பளி நூல் பிரித்துக் கொடுப்பாள்.

போன வாரம் அவளுக்குக் கல்யாணம். விரிப்பை ஒட்டகத்தில் கட்டப் போனபோது மாப்பிள்ளையின் அத்தை என்னைத் தடுத்தாள்.

"நீ தள்ளி நில்லும்மா. புருஷனை இழந்தவ கை இதுல படக் கூடாது."

நீ வருத்தப்படாதே, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் விலகிக்கொண்டேன். ஆனால் முக்காட்டுக்குள்ளிருந்து போஸ்தான் பேசிவிட்டாள்.

"அத்தை, இதுல பாதி முடிச்சு அவங்க போட்டது. அவங்க கை ஆகாதுன்னா விரிப்பே வேண்டாம். நான் வெறும் ஒட்டகத்துல வர்றேன்."

அத்தை விரிப்பின் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டினாள். "இறுக்கிக் கட்டு. வழியில அவிழ்ந்தா உன்னைத்தான் கேப்பேன்."

கட்டினேன். ஐந்து வருடமாகக் கல்யாண வீட்டில் நான் எதையும் தொட்டதில்லை, அம்மா.

சின்னத் தேநீர்க் கெண்டி ஒன்று இருந்தால் அனுப்பு. இங்கிருப்பது பெரியது, போடுவதில் பாதி ஆறிப்போகிறது. கடிதத்தைக் கொண்டுபோகும் வேன்காரர் அவசரப்படுத்துகிறார்.

வசந்தத்தில் தம்பி கல்யாணத்துக்கு வருகிறேன். ஒட்டகத்தை நான்தான் அலங்கரிப்பேன் என்று அண்ணியிடம் இப்போதே சொல்லிவை.

உன் தாவுஸ்