கட்டைவிரல் நாண்

ஆம்பூர்,
10 ஜூன் 2024

என் மகள் பிரிசில்லாவுக்கு,

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருப்பாராக. நான் இருக்கிறேன், முட்டிவலியைத் தவிர குறை இல்லை.

உன் கையில் வெட்டு என்ற செய்தி ரஃபி பாயின் போனுக்கு வந்து, அவர் என் காதில் கத்தி, பக்கத்து வீட்டு ஜஹீதா வந்து என்னை உட்காரவைத்து, அப்புறம்தான் எனக்கே விளங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே வசந்த் சொல்லியிருக்கக் கூடாதா? மாமனார் என்றால் நல்ல சேதிக்கு மட்டும்தானா?

போனில் நீ பேசினால் எனக்குக் கொசு பாடுவது போலத்தான் கேட்கிறது. முப்பது வருஷம் தோல் சுழற்றுகிற டிரம் சத்தத்தில் இருந்த காது. அதனால் கடிதமாகப் போடு. நான் சொல்லச் சொல்ல ரஃபி பாய் எழுதுகிறார். எங்கள் தோல் கம்பெனியில் டைம் ஆபீஸில் ஆள் வருகை எழுதியவர், எழுத்து அச்சுப் போல இருக்கும். உன் கடிதத்தையும் அவர்தான் படித்துச் சொல்வார். தெருமுனை வரைக்கும் கேட்கும். ரகசியம் ஏதும் எழுதிவிடாதே.

எந்தக் கை? எவ்வளவு ஆழம்? சோறு ஆக்குவது யார்? தலை பின்னிவிட ஆள் இருக்கிறதா? எல்லாம் எழுது.

உன் அப்பா சாமுவேல் சொல்ல,
ரஃபி அகமது எழுதியது.

*

வாலாஜாபேட்டை,
18 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சொல்ல வசந்த் எழுதுகிறார். வலது கை. நீங்களும் நானும் இப்போது ஒன்றாகிவிட்டோம், இரண்டு பேருக்கும் கடிதம் எழுத ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற இரும்பு டைகளை மேல் தட்டில் அடுக்கி வைப்பார்கள். தையல் மெஷினிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். ஒன்று சரிந்து விழுந்தது. தலையில் விழாமல் இருக்கக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டின் புறத்தில் குறுக்காக அறுத்துவிட்டது. ரத்தம் கம்மிதான். ஆனால் கட்டைவிரல் தொங்கிவிட்டது, தூக்கினால் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்து, அறுந்ததைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

கைப்பயிற்சி கொடுக்கிற மேகலா என்ற பெண் எனக்கு எல்லாம் விளக்கினாள். என் இடது முன்கையில் பேனாவால் படமே போட்டுவிட்டாள். "அக்கா, வெரலத் தூக்குற சதை வெரல்ல இருக்குதுன்னு நெனச்சீங்களா? இங்க இருக்குது பாருங்க" என்று முழங்கைக்குக் கீழே, புறத்தில் அழுத்திக் காட்டினாள். விரலை ஆட்டினால் அங்கே சதை ஓடுகிறது அப்பா, நீங்களும் பிடித்துப் பாருங்கள். அந்தச் சதையிலிருந்து தசைநாண்கள் கயிறு போல இறங்கி வருகின்றன. மணிக்கட்டில் வாட்ச் பட்டை மாதிரி ஒரு குறுக்குப் பட்டை. அதன் அடியில் ஆறு சந்துகள். ஒவ்வொரு சந்திலும் நாண்கள் நுழைந்து விரலுக்குப் போகின்றன. கட்டைவிரலின் நாண் மட்டும் ஒரு சின்ன எலும்பு மேட்டைச் சுற்றித் திரும்பிப் போகிறது. எனக்கு அறுந்தது அதுதான்.

கட்டைவிரலைத் தூக்கினால் அடியில் ஒரு குழி விழுமே, நீங்கள் பொடியைக் கொட்டி மூக்கில் இழுப்பீர்களே, அந்தக் குழியின் ஒரு கரை இந்த நாண்தான். "உங்கப்பாவுக்கு அனாடமி தெரியாமலே தெரிஞ்சிருக்குது" என்று மேகலா சிரித்தாள்.

இப்போது முன்கையிலிருந்து விரல்வரை தாங்கி கட்டியிருக்கிறது. மணிக்கட்டும் கட்டைவிரலும் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. மேகலா சொல்லும்போது மட்டும், அவள் எதிரில் மட்டும் அசைக்க வேண்டும்.

சோறு வசந்த் ஆக்குகிறார். உப்பு மட்டும் ஜாஸ்தி. (இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. - வசந்த்)

நேரம் கிடைத்தால் வாருங்கள்.

பிரிசில்லா சொல்ல,
வசந்த் எழுதியது.

*

ஆம்பூர்,
24 ஜூன் 2024

பாப்பாவுக்கு,

கடிதத்தை ரஃபி பாய் இரண்டு முறை படித்தார். நான் என் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டிப் பார்த்தேன். நீ சொன்னது போலத்தான் ஓடுகிறது. ஜஹீதாவும் ஆட்டிப் பார்த்தாள். இன்று தெருவே ஆட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் கட்டியே வைத்தால் கை என்ன ஆகும்? நான் கம்பெனியில் என்ன வேலை பார்த்தேன்? காய்ந்த தோல் பலகை போல வரும். அதை நாக்கு போல நிற்கிற இரும்புத் தகட்டின் மேல் போட்டு இழுத்து இழுத்துத்தான் துணி போல ஆக்குவோம். ஒரு நாள் விட்டுவைத்தால் விறைப்பு ஏறிவிடும், அப்புறம் இழுத்தால் வெடிக்கும். கையும் தோலும் சதையும்தானே?

நீ நாலாவது படிக்கும்போது கோயில் மதிலில் இருந்து விழுந்து முழங்கை முறிந்தது. பச்சைக் கவுன் போட்டிருந்தாய், அதன் கீழ்த்தையல் பிரிந்திருந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு கை நீளவில்லை. கம்பவுண்டர் "இவ்வளவுதான் வரும்" என்றார். நான் கேட்டேனா? வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவி, தினம் சாயங்காலம் மடியில் போட்டு நீட்டினேன். நீ என் தோளைக் கடித்தாய். தழும்பு இன்னும் இருக்கிறது. கை நீண்டதா இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். கறி வாங்கி வைக்கச் சொல், உப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா சாமுவேல்,
எழுதியது ரஃபி அகமது.

*

வாலாஜாபேட்டை,
4 ஜூலை 2024

அப்பாவுக்கு,

இது நானே இடது கையால் எழுதுவது. வசந்துக்குத் தெரியாது. ரஃபி மாமா, தயவு செய்து கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

கட்டைவிரல் எழவில்லை அப்பா.

செவ்வாய்க்கிழமை மேகலா தாங்கியைக் கழற்றி, கையை மேஜையில் விரித்து வைக்கச் சொன்னாள். "கட்டவெரல மட்டும் தூக்குங்க அக்கா" என்றாள். நான் தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். அது மேஜையிலேயே கிடந்தது. அவள் முகம் மாறிவிட்டது. "போன வாரம் நல்லா வந்துச்சே? இன்னா ஆச்சு? யாராவது மடக்கினாங்களா?" என்று கேட்டாள். பஸ் கம்பியில் மாட்டி இழுத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது வசந்த் கறி வாங்கப் போயிருந்தார். நீங்கள் என் விரலைத் தொட்டுப் பார்த்து "இன்னா பாப்பா, மரக்கட்ட மாதிரி கீது" என்றீர்கள். தாங்கியின் பட்டையைப் பிரித்தது நான்தான், பழியை முழுசாக உங்கள்மேல் போடவில்லை. முழங்கை ஞாபகம் எனக்கும் இருந்தது. எண்ணெய் சூடு இதமாக இருந்தது. மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் அமுக்கினீர்கள். "வலிக்குதா?" என்றீர்கள். "வலிச்சாத் தேவல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

தைத்த இடம் விட்டுப்போயிருக்கலாம் என்கிறார் டாக்டர். கட்டைவிரல் விரியாவிட்டால் தையல் மெஷினில் தோலை எப்படிப் பிடிப்பேன்? தட்டைக்கூடப் பிடிக்க வரவில்லை.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள்.

பிரிசில்லா

*

ஆம்பூர்,
8 ஜூலை 2024

பிரிசில்லாவுக்கு,

கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தார். இருந்தும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ரஃபி பாயின் குரல் அப்படி.

நான் அமுக்கியதால் விட்டுப்போனது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்தக் கையால் எத்தனை ஆட்டுத்தோல் இழுத்திருப்பேன், ஒன்று கிழிந்ததில்லை. மெல்லிசு எது, தடிப்பு எது என்று என் விரலுக்குத் தெரியும். அவர்கள் தைத்த நூல் மட்டமாக இருந்திருக்கும். சின்னப் பையன்களை விட்டுத் தைத்திருப்பார்கள். ஒரு கிழவன் எண்ணெய் தடவியதற்கே விட்டுப்போகிற தையல் ஒரு தையலா? இதை அவர்களிடம் கேள்.

வசந்திடம் நான் தொட்டதைச் சொல்ல வேண்டாம். பஸ் கம்பி என்றே இருக்கட்டும். அவனுக்கு ஏற்கெனவே என்மேல் பெரிய பிரியம் கிடையாது.

இந்த இடத்தில் ரஃபி பாய் பேனாவை மூடிவிட்டார். "இது தப்பு சாமுவேலு. நான் எழுத மாட்டேன்" என்றார். "நான் சொல்றத எழுது தோஸ்து, உன்னுது கேக்கல" என்றேன். "கொழந்த கை போய்ட்டு கீது, உனக்கு உன் பேரு முக்கியமா?" என்றார். பிறகு எழுதினார். இதையும் சேர்த்து எழுதினால்தான் எழுதுவேன் என்றார், அதனால் இதுவும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

வாலாஜாபேட்டை,
29 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சொல்ல வசந்த் எழுதுகிறார். அவரிடம் சொல்லிவிட்டேன். டாக்டரிடமும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, "உண்மையச் சொன்னது நல்லது, இல்லன்னா அடுத்த தடவையும் இதுதான் நடக்கும்" என்றார். முழங்கை எலும்பு முறிவுக்கு நீட்டியது வேறு, தைத்த நாண் ஒட்டுவதற்கு முன்னால் இழுப்பது வேறு என்று பொறுமையாகச் சொன்னார்.

அறுந்த நாணின் முனை முன்கைக்குள் சுருங்கிவிட்டதாம், இனி இழுத்துத் தைக்க வராதாம். ஆனால் வேறு வழி இருக்கிறது. ஆள்காட்டி விரலைத் தூக்க இரண்டு நாண்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று தாங்கும். அப்படி ஒன்றை அங்கே வெட்டி, புறங்கையில் தோலுக்கு அடியில் திருப்பி, கட்டைவிரலில் சேர்த்துவிடுவார்கள். முதலில் கட்டைவிரலைத் தூக்க வேண்டும் என்றால் ஆள்காட்டி விரலைத் தூக்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். மேகலா பழக்கிவிடுவதாகச் சொன்னாள்.

இதுவும் விட்டுப்போனால் எடுப்பதற்கு வேறு நல்ல நாண் தேடவேண்டும், அது லேசில்லை என்றும் சொன்னார்கள்.

ஆபரேஷன் பதினாலாம் தேதி. வசந்துக்கு லீவு இல்லை. பகலில் வீட்டில் ஆள் வேண்டும், தண்ணீர் பிடிக்க, சோறு ஆக்க. நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

பிரிசில்லா

மாமாவுக்கு,

மேலே இருப்பது அவள் சொன்னது. அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், இது நான். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. நீங்கள் வந்துபோன பிறகு யார் பக்கத்தில் வந்தாலும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். நான் வந்தால்கூட. உங்களை வர வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, உங்களை அழவைக்க அவளால் முடியாது. அதனால் நான் சொல்கிறேன். தாங்கி கழற்றும்வரை வராதீர்கள் மாமா. நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வசந்த்

*

ஆம்பூர்,
9 ஆகஸ்ட் 2024

பாப்பாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் சொல்ல நாளாகிவிட்டது. உன் அத்தை ஆரோக்கியமேரி நாளை மறுநாள் அங்கே வருகிறாள். வாய் நீளம், வேலை சுத்தம். "தண்ணி தூக்கு, சோறு ஆக்கு, கைப்பக்கம் மட்டும் போவாத" என்று அவளிடம் சொன்னேன். "ஏன் அண்ணே, நான் இன்னா கடிச்சிடுவேனா?" என்றாள். கடித்தால்கூடப் பரவாயில்லை என்றேன்.

நான் வரவில்லை.

போன கடிதத்தில் நூல் மட்டம் என்று சொன்னேன். அது பொய். அன்றைக்கு உன் கட்டைவிரலை உள்ளே அமுக்கும்போது என் விரலுக்கு அடியில் 'படக்' என்று ஒன்று தட்டியது. சின்னதாக, வெற்றிலைக் காம்பு முறிகிற மாதிரி. உனக்கு வலிக்கவில்லை, நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது பாப்பா. தெரிந்தும், இறுக்கம் விட்டது, நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் கறி தின்றேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தத் தட்டல் விரலிலேயே இருந்தது. இன்னும் இருக்கிறது. டாக்டர் நன்றாகத்தான் தைத்திருந்தார்.

மேகலாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவள் சொல்வதை மட்டும் கேள். நான் இனிமேல் கடிதத்தில் ஏதாவது வைத்தியம் சொன்னால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. ரஃபி பாய் எழுத மாட்டேன் என்று இப்போதே சத்தியம் செய்திருக்கிறார்.

வரக்கூடாது என்று நான் சும்மா முடிவு செய்யவில்லை. நேற்று காலையில் பையில் வேட்டி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வேலூர் போய் உங்கள் ஊருக்கு மாறலாம் என்று வேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. குழந்தை கம்பியில் கையை இடித்துக்கொண்டு வீறிட்டது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்து எட்டி அதன் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் என்னை முறைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அங்கே நீ ஒருமுறை முகம் சுளித்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு விளங்கிவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினான்.

"இன்னா பெர்சு, ஏறுன, குந்துன, எறங்குற? வேலூர் போவலியா?"

"போவணும்ப்பா. இந்தக் கைய வூட்ல வெச்சிட்டு வர முடியல" என்றேன்.

அவன் என் இரண்டு கையையும் ஒரு தரம் பார்த்தான். பிறகு விசில் கொடுத்துவிட்டான்.

உன் அப்பா சாமுவேல் சொல்ல,
ரஃபி அகமது எழுதியது.