அமுதில் வைத்த தயிர்

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் அண்ணனுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அமுது, உங்களுக்கான படையல், நேற்று முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

கொழும்பில் டொக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? உங்கள் வயதும் இதயமும் முழு வீரியமான மருந்தைத் தாங்காது, குறைத்துத்தான் கொடுப்போம், மிஞ்சுகிற இரத்தப் புற்றுநோயைத் தங்கையின் இரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றும் குருத்தணுக்கள்தான் அழிக்க வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள். "வயல் வட்டைக்குள்ள மருந்தடிச்சாலும் கொஞ்சம் கோரை நிக்கும் புள்ள. மிச்சத்த நீதான் புடுங்கணும்." பிறகு டொக்டரைப் பார்த்து, "களை புடுங்கக் கூப்பிட்டா ஓடி ஒளிக்கிறவள் ஐயா, இவளையா நம்புற?" என்று சிரித்தீர்கள்.

எனக்கு ஊசி போட்டார்கள், எலும்பெல்லாம் உளைந்தது. இயந்திரம் என் இரத்தத்தை இழுத்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தது. அந்தச் சின்னப் பை உங்களுக்குள் இறங்கியபோது கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்டேன். அணுக்கள் பிடித்துவிட்டன என்றார்கள். உங்கள் இரத்த வகைகூட என்னுடையதாக மாறிவிட்டது. அதை நம் ஊர் கரடியனாறு முழுக்கச் சொல்லித் திரிந்தேன், அவ்வளவு பெருமை எனக்கு.

பிறகு நோய் திரும்பி வந்தது. மருந்தைக் குறைத்தால் சிலருக்கு அப்படி நடக்குமாம், யாருடைய பிழையும் இல்லையாம். அப்படியென்றால் என் அணுக்கள் உங்களுக்குள் என்ன செய்துகொண்டிருந்தன, அண்ணன்? ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று உங்கள் மனைவி, என் மச்சாள், உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைத்தார். கடைசியாக எருமைத் தயிர்ச் சட்டியைச் சரித்தார். நான் பாய்ந்து பறித்துவிட்டேன்.

"தயிர் குடுக்காதீங்க மச்சாள், கிருமி ஏறிடும்!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தி வரும்வரை பச்சையாக எதுவும், தயிரும்கூட, ஆகாது என்று சொல்லித்தானே உங்களை வீட்டுக்கு விட்டார்கள். மாதக்கணக்காக உங்கள் வாயருகே வந்ததையெல்லாம் தட்டிவிட்ட கை இது. அதற்கு நீங்கள் போனது இன்னும் தெரியவில்லை.

மச்சாள் கோபிக்கவில்லை. சட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "இனி அவருக்கு என்ன புள்ள வரப்போகுது?" என்றார். அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதேன். உங்களைக் கொண்டுபோன அன்றுகூட அப்படி அழவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். ஆண்டுத் திவசத்துக்கு அந்தத் தயிரை என் கையாலேயே ஊற்றுவேன். உங்களைக் காப்பாற்றுகிற வேலை எனக்கு இனி இல்லை.

உங்கள் ஒரே தங்கச்சி