மச்சான் வைத்த கொக்கி

என் அருமை மச்சான்,

முதலில் முக்கியமான சேதி: நீங்கள் வைத்துவிட்டுப் போன கொக்கி இன்று காலை வேலை செய்தது. மண்டி மொஹல்லா மாடியில் நம் ஆபீசே எழுந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் பாதியில் விழுந்தால், எந்த ஃபங்ஷனை எது கூப்பிட்டது, அதை எது கூப்பிட்டது என்று ஸ்டாக் என்ற அடுக்கில் படிப்படியாகப் பின்னால் போய்க் காட்டுவது, பிழை தேடும் நம் டிபக்கரின் வேலை. நம்மிடம் அதை வாங்கிய கோயமுத்தூர் தறி மெஷின்காரர்கள், ஒரு ஃபங்ஷன் முடிந்து திரும்பிப் போகவேண்டிய முகவரியைத் தங்கள் புரோகிராமில் வழக்கமில்லாத இடத்தில் வைத்திருந்தார்கள். நம் டிபக்கர் இரண்டாம் படியிலேயே கேள்விக்குறி போட்டு நின்றது.

"ஒவ்வொருத்தருக்கும் நாமளே மாத்திக் குடுத்துட்டிருந்தா ஆவுமா மாப்ள? ஒரு கொக்கி வெச்சுடலாம். அடுத்த படி எங்க இருக்குதுன்னு அவிங்களே சின்னதா ஸ்கிரிப்ட் எழுதிச் சொல்லட்டும்" என்றீர்கள். "கண்டவனும் வந்து நம்ம டிபக்கர்ல கை வெக்கறதா?" என்று நான் குதித்தேன். அக்கா வீட்டுக்காரர் என்றும் பார்க்காமல் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. எதற்கு அத்தனை வீம்பு எனக்கு?

நீங்கள் பாட்டுக்குக் கொக்கியை எழுதி முடித்தீர்கள். அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. "பேடப்பா, அது வேண்டாம். அவர் எழுதினது யாருக்கும் புரியல. எடுத்துடு" என்றார் நம் கன்னட மேனேஜர். அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்: "ஏன்டா, உங்க மச்சான் அத்தன நாளு ஒக்காந்து எழுதுனது ஆவுமா, ஆவாதா? அதெ மட்டும் சொல்லு." மறுநாள் மேனேஜரிடம் மன்றாடி, கோயமுத்தூர்க்காரர் வந்து ஒருமுறை பார்க்கும்வரை தவணை வாங்கினேன்.

இதற்குள் ஒரு காரியம் செய்து வைத்தேன், திட்டாதீர்கள். ஒவ்வொரு படியிலும் நீங்கள் வைத்திருந்த ஒரு சோதனையை வெட்டி என்று நினைத்து எடுத்துவிட்டேன். இன்று வந்த கோயமுத்தூர் இன்ஜினியர் தன் ஸ்கிரிப்டில் ஒரு தப்பு செய்திருந்தார். அது நின்ற இடத்தையே அடுத்த படியாகத் திருப்பித் திருப்பிச் சொன்னது. திரை முழுக்க ஒரே பெயர், முடிவே இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எடுத்துப்போட்ட உங்கள் வரிகளைத் திறந்து பார்த்தேன்.

அப்போதுதான் அந்தச் சோதனை எதற்கென்று புரிந்தது. பின்னால் நகராத பதில் வந்தால் நில் என்று எழுதியிருக்கிறீர்கள்! திரும்ப வைத்தேன். டிபக்கர் சட்டென்று நின்று, ஸ்கிரிப்டில் எந்த வரி கோளாறு என்று காட்டியது. அவரே திருத்தினார், நாங்கள் யாரும் தொடவில்லை. கடைசிப் படியான, புரோகிராம் தொடங்கும் மெயின் வரைக்கும் ஒவ்வொரு பெயரும் வரிசையாக இறங்கியது. "இரலி, இரலி, அப்படியே இருக்கட்டும். இனி அதுல யாரும் கை வெக்க வேண்டாம்" என்றார் மேனேஜர்.

மத்தியானம் அக்காவிடம் போனேன். "ஆச்சுக்கா. நடுவுல நான்தான் கெடுத்தேன். அவரு எழுதுனபடி வெச்சதும் சரியாயிருச்சு."

"அவரு இருந்திருந்தா இதெச் சொல்லியே உன்னெ வருசம் பூரா கேலி பண்ணியிருப்பாரு" என்று சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொக்கியைப் பற்றிக் கையேட்டில் ஒரு அத்தியாயம் எழுதப்போகிறேன். நீங்கள் வைத்த ஒவ்வொரு சோதனைக்கும் காரணம் அதில் இருக்கும், எழுதியவர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். இது சத்தியம்.

உங்களிடம் தோற்றதில் பெருமைப்படும்
மச்சினன்