சுரண்டி எடுத்த சிவப்பு டேப்

செவ்வாய், இரவு

கோபத்தில் தூக்கம் வரவில்லை.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித் தரும் எங்கள் சென்டர்தான் மல்லிகா அக்காவைக் கிணத்துக்கடவு எண்ணெய் கம்பெனியில் சேர்த்துவிட்டது. வேலை பழகும்வரை கூட இருப்பது என் பொறுப்பு. பெரிய பாட்டிலுக்குச் சிவப்பு டேப், சின்னதற்கு மஞ்சள் என்று மேசையில் கட்டம் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்துத்தான் பாட்டில்களைப் பிரித்து வைப்பார். தப்பே வராது.

இன்று முதலாளி வருகிறார் என்று சூப்பர்வைசர் டேப்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். மேசை அசிங்கமாக இருக்கிறதாம். அக்கா பாட்டிலும் கையுமாக விழித்தார். பிறகு எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்தார்.

"பாத்தீங்களாங்க? இவிங்களுக்கு இதெல்லாம் ஆகாதுங்க. பாவம், ஊட்டுலயே இருந்துக்கட்டும்" என்றார் சூப்பர்வைசர், வந்து நின்ற முதலாளியிடம், அவ்வளவு மரியாதையாக.

"டேப்பை எடுத்துப்போட்டீங்களேங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன கண்ணு?" என்றார் முதலாளி.

பையிலிருந்த டேப்பை எடுத்து ஒட்டினேன்.

"கோணையா ஒட்டிப்போட்டயே கண்ணு" என்று அக்கா சிரித்துவிட்டு, பாட்டில்களைச் சரியாக வைக்க ஆரம்பித்தார்.

"சரிங்க, ஒரு வாரம் பாக்கலாமுங்க" என்று முதலாளி போய்விட்டார்.

எதைப் பார்ப்பது? சூப்பர்வைசரின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கணக்கு எழுதச் சொன்னால் எழுதுவாரா? அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

புது டேப்பைப் பையில் வைத்துவிட்டேன். நாளைக்கும் சுரண்டினால் நாளைக்கும் ஒட்டுவேன்.