காசியம்மாள் கல்

பென்னாகரம்
9-2-1938

அன்புள்ள காளியப்பன் அண்ணாவுக்கு,

தங்கை ஜானகியின் வணக்கம். நீங்களும் அண்ணி பெரியம்மாளும் சுகந்தானே? நீங்கள் நிலமும் மரமும் கொடுத்த பிரசவ விடுதிக்குக் கூரை ஏறிவிட்டது. காரியதரிசி என்று பேர்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்க் கேட்டு அலைகிறவள் நான். உங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்பதற்கு முன்பே இலை போட்டார்கள்.

திறப்பு விழா அன்று காட்டலாம் என்றிருந்தேன், மனசு கேட்கவில்லை. உங்கள் மகள் காசியம்மாள் வயிற்றுப் பிள்ளையோடு வண்டியிலேயே கண்மூடின இடத்தில் நீங்கள் நாட்டிய சுமைதாங்கி, வெயிலிலும் மழையிலும் கிடக்கிறதே. அதன் மேல்கல்லை எடுத்து வரச்செய்து, அவள் பெயர் தெரிகிற மாதிரி விடுதி வாசலுக்கு மேலே வைத்துக் கட்டிவிட்டேன். இனி ஒவ்வொரு தாயும் அவள் பெயருக்குக் கீழேதான் நுழைவாள். யோசனை என்னுடையது. அண்ணிக்குப் பிடிக்குமல்லவா?

தங்கை
ஜானகியம்மாள்


மாரண்டஹள்ளி
20-2-1938

காரியதரிசி அம்மாளுக்கு,

காளியப்பன் எழுதுவது. கல் காணாமல் போனதைச் சந்தைக்குப் போகிறவர்கள் வந்து சொன்னார்கள். யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். திருட்டாகவே இருந்திருந்தால் தேவலை.

நீங்கள் பட்டணத்தில் படித்தவர். எங்களுக்கு அது ஞாபகத்துக்கு வைத்த கல் இல்லை. பிள்ளையை இறக்காமல் போன பெண் அந்தச் சுமையோடுதான் நிற்பாள். வழியில் போகிறவர் ஒருவர் தலைச்சுமையை அந்தக் கல்மேல் இறக்கும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் லேசாகும். அதற்காகத்தான் தோளுயரத்துக்குப் போட்டோம். நீங்கள் அவள்மேல் ஒரு கட்டிடத்தையே ஏற்றிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பெரியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "எம்புள்ள மேல செவுத்த வெச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் சோற்றில் கை வைக்கவில்லை. கொடுத்த எதையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. கல்லை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

காளியப்பன்


பென்னாகரம்
3-3-1938

அண்ணா,

அப்படிக் கூப்பிட இன்னும் உரிமை உண்டா என்று தெரியவில்லை. பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்து இப்படிச் செய்துவிட்டேனே. கல்லை எடுத்தால் வாசல் சுவரும் இறங்கிவிடும் என்கிறார் மேஸ்திரி. கமிட்டித் தலைவரிடம் கெஞ்சினேன். "விழா முடியட்டும்மா. பெரிய மனுசங்க வர்ற நேரத்துல வாசல இடிச்சா, குடுக்கறவங்க கையும் நின்னுபோயிரும்" என்றார். இன்னும் கிணறு வெட்ட வேண்டும், கட்டில் வாங்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டேன். சித்திரை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயா வேலைக்கு வந்திருக்கும் ராமக்கா, பொழுது சாய்ந்தால் வாசல் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். பாரம் தூக்கினவள் மூச்சுவிடுகிற மாதிரி கேட்கிறதாம். அவளைத் திட்டினேன். நேற்று விளக்கு வைக்கப் போனபோது எனக்கும் கேட்டது.

ஜானகி


மாரண்டஹள்ளி
25-3-1938

அம்மா,

மேல்கல் போனபின் நட்டகல் இரண்டும் மொட்டையாக நிற்கின்றன. பெரியம்மாள் சாயங்காலமானால் அவற்றுக்கு நடுவே போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சுமையோடு வருகிறவர்களிடம், "எங்கையில எறக்கி வெச்சுட்டுப் போங்க" என்கிறாள். ஜனங்கள் பயந்து வயல் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

காளியப்பன்


பென்னாகரம்
16-4-1938

அண்ணா,

கல் வருகிறது. இந்தக் கடிதம் கொண்டுவரும் சென்றாயன் வண்டியிலேயே வருகிறது.

விழாவுக்கு முந்தின நாள் வத்தல்மலையிலிருந்து செல்லி என்றொருத்தி இடுப்பு வலியோடு வந்தாள். வாசல் வரை வந்தவள் நின்றுவிட்டாள். "மேல ஒரு அம்மா சொமையோட நிக்கறாங்க. நான் எப்பிடி அவுங்களுக்கு அடியில பூந்து போறது?" என்றாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை அண்ணா. அவளுக்கு எழுத்தும் தெரியாது.

மேஸ்திரியைக் கூப்பிட்டு முட்டுக் கொடுத்துக் கல்லை இறக்கச் சொன்னேன். தலைவர் வந்து பார்த்தார். "இனி நீயாச்சு, உன் விடுதியாச்சு" என்று சொல்லிப் போய்விட்டார். விழா நின்றுபோயிற்று. போகட்டும்.

இறக்கின கல்லின்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள் செல்லி. உள்ளே தூக்கிப்போக அவகாசமில்லை. அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதன் பிறகு வாசலில் அந்தச் சத்தம் இல்லை.

கல்லைக் கழுவி மஞ்சள் பூசி அனுப்பியிருக்கிறேன். அனுமதித்தால் நேரில் வந்து அண்ணியின் காலில் விழுகிறேன்.

ஜானகி


மாரண்டஹள்ளி
2-5-1938

தங்கச்சி ஜானகிக்கு,

அண்ணன் காளியப்பன் எழுதுவது. கல்லைப் பழைய இடத்திலேயே ஏற்றிவிட்டோம். விறகுக்காரி ஒருத்தி கட்டை இறக்கிவிட்டு, பெருமூச்சு விட்டுப் போனாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

உன் கடிதத்தைப் பெரியம்மாளுக்குப் படித்தேன். செல்லி கல்லில் சாய்ந்த இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னாள். "எறக்கிட்டாளா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். இப்போது கல் பக்கம் போவதில்லை.

வீட்டு உத்தரத்தில் பழம்புடவையால் தூளி கட்டியிருக்கிறாள். தினமும் ஆட்டிப் பார்க்கிறாள். "புள்ளைய எப்பங்க கொண்டாந்து குடுப்பாங்க?" என்கிறாள். மழை விழட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் விடுதிக்குக் கேழ்வரகு வண்டி வரும். கிணற்றையும் நானே வெட்டித் தருகிறேன். நீ கேட்டு அலைய வேண்டாம்.

ஆனால் இங்கே வராதே அம்மா. வந்தால் அவள் முதலில் உன் கையைத்தான் பார்ப்பாள்.

அண்ணன்
காளியப்பன்